11, 24, 51: இந்த நம்பரை எல்லாம் ஏன் தர மாட்டேங்கிறாங்க?

பாத்தெல்_புதுசு:

எல்லாருக்கும் வணக்கம். சியாட்டில் பக்கம் பாத்தெலுக்குக் குடிவந்து எட்டு மாசம் ஆகுது. பையனுக்கு ஒன்பது வயசு. திருச்சியில தெருவுல டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருந்தவன். இங்க கூட ஆட ஆள் இல்லாம லிட்டில் லீக் பேஸ்பால்ல சேர்ந்துட்டான். சியாட்டிலோட பெரிய பேஸ்பால் டீம் மாதிரியே அந்தக் குட்டி டீமுக்கும் மாரினர்ஸ்னுதான் பேர்.

போன சனிக்கிழமை ஜெர்சி குடுத்தாங்க. இவன் 24 கேட்டான், பிறந்த தேதி. கோச் சிரிச்சுக்கிட்டே "அது நம்ம டீம்ல கிடையாது, வேற சொல்லு"ன்னார். 11 கேட்டான். அதுவும் கிடையாது. சரின்னு வாய்க்கு வந்தபடி 51ன்னு சொன்னான் பாருங்க, பின்னாடி நின்ன ரெண்டு அப்பாக்கள் தலையில கை வெச்சுட்டாங்க. கடைசியில 7 வாங்கிட்டு வந்தான். தோனி நம்பர்னு சொல்லி நான் சமாதானப்படுத்தினேன். அடுத்த வாரம் வரும்போது அந்த மூணு நம்பரும் யாரோடதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வரணும்னு கோச் வீட்டுப்பாடம் வேற குடுத்திருக்கார்.

நெட்டுல தேடினா ஒரே சராசரியும் சுருக்கெழுத்துமா வருது, தலை சுத்துது. சரி, அந்தப் பெரிய மாரினர்ஸ் எத்தனை கோப்பை ஜெயிச்சிருக்காங்கன்னு பார்த்தேன். பூஜ்யம். வேர்ல்ட் சீரிஸ்ங்கிற இறுதித் தொடர்ல ஒரு தடவை கூட கால் வெச்சதில்லையாம். அப்புறம் எதுக்கு இவ்வளவு பந்தா? மனுஷங்க பேசுற மாதிரி யாராவது சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மூணு ஸ்ட்ரைக்னா அவுட், அவ்வளவுதான்.

லின்வுட்_லெமன்சாதம்:

11 எட்கர் மார்ட்டினெஸ். 24 கென் க்ரிஃபி ஜூனியர். 51 இச்சிரோ. அவங்க மரியாதைக்காக மாரினர்ஸ் அந்த நம்பரை எல்லாம் வேற யாருக்கும் தர்றதில்லை. வீட்டுப்பாடம் ஓவர்.

கதையா வேணும்னா மழைக்கோட்டு மாமா வருவார், கொஞ்சம் பொறுங்க. ஒரு உபயோகமான தகவல் மட்டும் நான் சொல்லிடறேன்: ஸ்டேடியத்துக்குள்ள வீட்டுச் சாப்பாடு கொண்டு போகலாம், தடுக்க மாட்டாங்க. நாங்க எப்பவும் லெமன் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும்தான். கார் எடுத்துட்டுப் போகாதீங்க, லைட் ரயில்ல ஸ்டேடியம் ஸ்டேஷன்ல இறங்கினா நடக்கிற தூரம்.

மழைக்கோட்டு_மாமா:

கூப்பிட்டாச்சு, வந்தாச்சு. முதல்ல லெமன்சாதத்தோட விடையில பாதி மார்க் கட். 51 ஒருத்தரோடது இல்லை, ரெண்டு பேரோடது. அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா என் கதையும் அங்கதான் ஆரம்பிக்குது.

1998 ஜூலையில சியாட்டில் பக்கத்துல ரெண்டன்ல வந்து இறங்கினேன். கார் கிடையாது, டிவி கிடையாது, பெட்டியில ரெண்டு ஊறுகாய் பாட்டில். கீழ்வீட்டுல ரிட்டயர் ஆன பெரியவர் ஒருத்தர், விமானத் தொழிற்சாலையில முப்பது வருஷம் ரிவெட் அடிச்சவர். சாயந்திரம் ஆனா படிக்கட்டுல உட்கார்ந்து டிரான்சிஸ்டரைப் பக்கத்துல வெச்சுக்குவார். நம்ம ஊர்ல டீக்கடை வாசல்ல கமென்டரி கேட்ட ஆளு நான், கால் தானா அங்க போய் நின்னுச்சு. அவர் ஒண்ணும் கேக்கலை, தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். ரேடியோவுல டேவ் நீஹவுஸ்னு ஒருத்தர் பேசிக்கிட்டு இருந்தார். 1977ல இந்த அணி ஆடின முதல் ஆட்டத்துல இருந்து 2010ல சாகும் வரைக்கும் அவர்தான் அணியோட குரல். ஆச்சரியம் வந்தா "மை, ஓ மை!"ன்னு இழுப்பார். எனக்கு ஆட்டம் புரியறதுக்கு முன்னாடி அந்த இழுவை புரிஞ்சுது.

நான் வந்த மாசக் கடைசியில ஒரு நாள் பெரியவர் ரேடியோவையே போடலை. ராண்டி ஜான்சனை ஹூஸ்டனுக்கு அனுப்பிட்டாங்க. ஆறடி பத்து அங்குலம், இடதுகைப் பந்து, நீள முடி. எதிர்ல நிக்கிற இடதுகை பேட்டருக்கு அவர் பந்து தோள்பட்டைக்குப் பின்னாடி இருந்து வர்ற மாதிரி இருக்கும். 1990ல இந்த அணிக்கு முதல் நோ ஹிட்டர் அவர் வீசினதுதான், அதாவது எதிரணிக்கு ஒரு ஹிட் (பந்தை அடிச்சுட்டு அவுட் ஆகாம பேஸ்ங்கிற மூலைக்கு ஓடிச் சேர்றது) கூடக் கிடையாது. முதல் 51 இவர்.

24. க்ரிஃபி. இவரைப் பத்தி நம்பர் சொல்லிப் பிரயோஜனமில்லை, தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கிட்டு சிரிக்கிற ஒரு படத்தைப் பையனுக்குக் காட்டுங்க, மத்ததை அவனே புரிஞ்சுக்குவான். 19 வயசுல அணிக்குள்ள வந்தவர். அடுத்த வருஷமே அவங்க அப்பாவும் இதே அணிக்கு வந்துட்டார். 1990 செப்டம்பர் 14, அனஹைம்ல அப்பா ஒரு ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிச்சார், அடுத்த ஆளா வந்த மகனும் ஒண்ணு அடிச்சார். அப்பாவுக்கு 40, மகனுக்கு 20. 1995 மே மாசம் சுவத்துல மோதி ஒரு கேட்ச் பிடிச்சார். பந்து கையில இருக்கு, மணிக்கட்டு நொறுங்கிப் போச்சு. தகடு, ஸ்க்ரூ எல்லாம் வெச்சு ஆகஸ்ட்லதான் திரும்பி வந்தார்.

அந்த 1995தான் இந்த ஊருக்கு எல்லாமே. நான் பார்க்கலை, அப்ப நான் மதுரையில ஃப்ளாப்பியோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன். ஆனா பெரியவர் எனக்கு அதைக் காட்டினார். எப்படின்னு சொல்றேன்.

பின்னணி இதுதான்: ஆகஸ்ட் தொடக்கத்துல 13 ஆட்டம் பின்தங்கிக் கிடந்த அணி. மேல இருந்த ஏஞ்சல்ஸ் சரிய சரிய இவங்க ஏறினாங்க. கடைசி நாள் ரெண்டும் சமம். ஒரே ஒரு கூடுதல் ஆட்டம், ஜான்சன் முழுக்க வீசி 9க்கு 1ன்னு முடிச்சார். அடுத்து நியூயார்க் யாங்கீஸோட அஞ்சு ஆட்டத் தொடர். முதல் ரெண்டும் நியூயார்க்ல, ரெண்டும் தோல்வி. ஊர் திரும்பி ரெண்டை ஜெயிச்சாங்க. அஞ்சாவது, அக்டோபர் 8, கிங்டோம். கான்கிரீட் கூரை போட்ட ஒரு பெரிய குகை அது. முந்தின வருஷம்தான் கூரைப் பலகை பெயர்ந்து காலி நாற்காலிங்க மேல விழுந்திருந்தது. புது ஸ்டேடியம் கட்ட மக்கள்கிட்ட வரி ஓட்டு கேட்டு, மூணு வாரம் முன்னாடிதான் அது சொற்பத்துல தோத்திருந்தது. அணி ஊரை விட்டே போயிடும்னு பேச்சு.

ரெண்டு நாள் முன்னாடி ஆட்டத்தைத் தொடங்கி வீசின அதே ஜான்சன், ஒன்பதாவது இன்னிங்ஸ்ல கதவைத் திறந்துக்கிட்டு திரும்ப நடந்து வர்றார். பதினொண்ணாவது இன்னிங்ஸ்ல யாங்கீஸ் 5க்கு 4 முன்னாடி. நம்ம கடைசி வாய்ப்பு. ஜோயி கோரா பந்தைத் தட்டி விட்டு டைவ் அடிச்சு முதல் பேஸ் சேர்ந்துட்டார். க்ரிஃபி ஒண்ணு அடிச்சார், கோரா மூணாவது பேஸ், க்ரிஃபி முதல் பேஸ். வர்றவர் எட்கர்.

இந்த இடம் வந்ததும் பெரியவர் எழுந்து நின்னுட்டார். அபார்ட்மென்ட் பார்க்கிங்ல, என் ரெண்டு செருப்பையும் கழட்டச் சொல்லி ஒண்ணை செகண்ட் பேஸா டம்ப்ஸ்டர் பக்கத்துல போட்டார், இன்னொண்ணை தேர்டு பேஸா ஒரு பழைய டொயோட்டா முன்னாடி. அவர் தொப்பி ஹோம், சுத்தி வந்து அதைத் தொட்டா ஒரு ரன். "நீதான் க்ரிஃபி, ஓடு"ன்னார். ரேடியோக்காரர் குரல்லயே பேச ஆரம்பிச்சார்: எட்கர் அடிச்சாச்சு, இடப்பக்கக் கோட்டோரம் பந்து உருளுது, கோரா வந்தாச்சு, ஆட்டம் சமம், க்ரிஃபி தேர்டைச் சுத்தறார், நிறுத்துவாங்களா, நிறுத்தலை! வெறும் கால்ல, கல்லு குத்த, நான் அந்த டொயோட்டாவைச் சுத்தி ஓடி வந்து தொப்பி மேல விழுந்தேன். முழங்கை சிராய்ப்பு. மாடியில இருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்துட்டு கதவைச் சாத்திட்டாங்க. அவர் கண்ணுல தண்ணி.

ஒரே அடியில செகண்ட் பேஸ் வரைக்கும் போனா அது டபுள். இங்க "த டபுள்"னு யாராவது சொன்னா இந்த ஒரு அடிதான், வேற விளக்கம் கேக்காதீங்க. 6க்கு 5. அந்தக் கொண்டாட்டம் அடங்கறதுக்குள்ள சட்டசபை கூடி ஸ்டேடியத்துக்குப் பணம் ஒதுக்கிடுச்சு. இத்தனைக்கும் அடுத்த சுற்றுல க்ளீவ்லண்ட்கிட்ட தோத்துட்டாங்க. அது யாருக்கும் ஞாபகத்துல இல்லை.

அந்த 11 எட்கர் என் ஆளு. பெரும்பாலான வருஷம் ஃபீல்டிங் கிடையாது, பேட்டிங் மட்டும். நம்ம ஐபிஎல் இம்பாக்ட் பிளேயர் மாதிரின்னு வெச்சுக்கங்க. அவருக்குக் கண்ணுல ஒரு குறை இருந்துச்சு, ஒரு கண் சில சமயம் தனியா விலகிப் போகும். ரெண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கலைன்னா வர்ற பந்தோட தூரம் தெரியாது. தினமும் கண்ணுக்கு உடற்பயிற்சி, மெஷின்ல டென்னிஸ் பந்தை வீசச் சொல்லி அதுமேல எழுதியிருக்கிற எண்ணைப் படிக்கிறது, இப்படியே 18 வருஷம். பேட்டிங் சராசரி .312, அதாவது ஆயிரம் தடவை ஆடினா 312 ஹிட். இதைவிட அழகா ஒருத்தருக்கு மரியாதை பண்ண முடியாது, கேளுங்க: ஸ்டேடியத்துல மெக்சிகோ பாணியில வறுத்த வெட்டுக்கிளி விக்கிறாங்க. 2017ல போட்ட புதுசுல மூணே ஆட்டத்துல சரக்கு தீர்ந்து போச்சு. அதுக்கப்புறம் ஒரு ஆட்டத்துக்கு 312 பொட்டலம்தான்னு கணக்கு வெச்சாங்க. (நான் தின்னிருக்கேன். எலுமிச்சையும் மிளகாயும் தூக்கலா, நெத்திலி வறுவலுக்குத் தூரத்துச் சொந்தம்.)

இனிமே வேகமா சொல்றேன். 98ல ஜான்சன் போனார். 2000ல க்ரிஃபி சின்சினாட்டிக்குப் போனார். அந்த மார்ச்லயே கிங்டோமை வெடி வெச்சு இறக்கினாங்க, பெரியவரும் நானும் தூரத்துல நின்னு பார்த்தோம், 17 செகண்ட் கூட ஆகலை, புழுதி மட்டும் ரொம்ப நேரம் நின்னுச்சு. வருஷக் கடைசியில அலெக்ஸ் ரோட்ரிகஸ் 252 மில்லியன் டாலருக்கு டெக்சாஸ் போனார். மூணு தூணும் இல்லை. வேற யாரா இருந்தாலும் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பியிருப்பாங்க. 2001ல அந்த அணி 116 ஆட்டம் ஜெயிச்சுது. 162ல 116. அதைவிட அதிகமா ஒரே சீசன்ல எந்த அணியும் இதுவரைக்கும் ஜெயிச்சதில்லை.

அந்த வருஷம் வந்தவர்தான் ரெண்டாவது 51. ஜப்பான்ல இருந்து இச்சிரோ, ஒல்லி உடம்பு. ஜான்சனோட நம்பரைக் குடுத்தப்ப, அதுக்கு இழுக்கு வராம பார்த்துக்கறேன்னு ஜான்சனுக்கே தகவல் அனுப்பினாராம். ஏப்ரல்ல ஓக்லண்ட்ல ரைட் ஃபீல்டுல இருந்து தேர்டு பேஸுக்கு ஒரு எறி எறிஞ்சார், பந்து தரை தொடாம கயிறு கட்டி இழுத்த மாதிரி போச்சு. அதுக்குப் பேரே "த த்ரோ". வந்த வருஷமே சிறந்த புதுமுகம், மதிப்புமிக்க ஆட்டக்காரர் ரெண்டு பட்டமும். 2004ல 262 ஹிட். 1920ல ஜார்ஜ் ஸிஸ்லர் வெச்ச 257ங்கிற சாதனை 84 வருஷம் கழிச்சு உடைஞ்சுது. உடைச்ச கையோட அவர் நேரா போனது ஸ்டாண்ட்ல உட்கார்ந்திருந்த ஸிஸ்லரோட மகள்கிட்ட, வயசான அம்மா, கை குடுத்துத் தலை குனிஞ்சார். அது நான் நேர்ல பார்த்தது, மேல் அடுக்குல இருந்து எறும்பு சைஸ்ல.

2025ல ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்த்தப்ப 394 ஓட்டுல 393. ஓட்டுப் போடாத அந்த ஒரு பத்திரிகைக்காரரை வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். மேடையில ஏறி, அந்த அழைப்பு காலாவதி ஆயிடுச்சுன்னு இங்கிலீஷ்லயே சொன்னார். நம்ம வடிவேலு தோத்தார்.

116 ஜெயிச்ச அந்த அணி என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? யாங்கீஸ்கிட்ட தோத்துச்சு. அப்புறம் 21 வருஷம் ப்ளே ஆஃப் வாசப்படியையே மிதிக்கலை. 2008ல 101 தோல்வி. அந்த வறட்சியில எங்களுக்கு ஒரே ஒரு கிணறு, ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸ். வெனிசுவேலாக்காரர், 19 வயசுல வந்தார். அவர் வீசற நாள்ல லெஃப்ட் ஃபீல்டு ஓரம் ஒரு பகுதி முழுக்க மஞ்சள் சட்டை, "கிங்ஸ் கோர்ட்"னு பேர்.

2012 ஆகஸ்ட் 15, புதன்கிழமை மதிய ஆட்டம். கூட வேலை பார்த்தவர் ஒரு டிக்கெட்டை நீட்டினார். எனக்கு ரெண்டு மணிக்கு மீட்டிங். போகலை. மீட்டிங்ல ஸ்ப்ரெட்ஷீட்ல ஒரு நெட்டு வரிசைக்கு என்ன கலர் குடுக்கலாம்னு நாப்பது நிமிஷம் பேசினோம். அந்த நேரத்துல அங்க 27 பேர் வந்தாங்க, 27 பேரும் முதல் பேஸைத் தொடாமலே திரும்பினாங்க. பர்ஃபெக்ட் கேம். இந்த அணி வரலாத்துல அது ஒண்ணே ஒண்ணு. அதுக்கப்புறம் மேஜர் லீக்லயே 11 வருஷம் யாரும் போடலை. டிக்கெட் குடுத்தவர் மறுநாள் ஒண்ணும் சொல்லலை, என் மேஜையில அடிக்கட்டையை வெச்சுட்டுப் போனார். பச்சை கலர்னு முடிவாச்சு, அதையும் அடுத்த வாரம் மாத்திட்டாங்க.

ஃபீலிக்ஸ் 15 சீசன் இங்கயே இருந்தார். ஒரு ப்ளே ஆஃப் ஆட்டம் கூட வீசாம போனார்.

2022ல கால் ராலிங்கிற ஆட்டக்காரர் ஒன்பதாவது இன்னிங்ஸ்ல ஒரு அடி அடிச்சு அந்த 21 வருஷத்தை முடிச்சு வெச்சார். அக்டோபர் 15ல சொந்த ஊர்ல ஆட்டம், ஹூஸ்டனோட. மதியம் ஒரு மணிக்கு மகளைக் கூட்டிக்கிட்டு, புளியோதரை கட்டிக்கிட்டுப் போனேன். நாலு மணிக்கு 0-0. அஞ்சரைக்கு 0-0. ஏழாவது இன்னிங்ஸ்ல எல்லாரும் எழுந்து பாடுற பாட்டைப் பதினாலாவதுல மறுபடி பாடினோம். புளியோதரை தீர்ந்து, டப்பா மூடியில ஒட்டின கடலையைப் பொறுக்கித் தின்னுட்டு உட்கார்ந்திருக்கோம். பதினெட்டாவது இன்னிங்ஸ்ல ஹூஸ்டன்காரர் ஒருத்தர் ஒரு ஹோம் ரன். 1-0. மொத்தம் ஆறு மணி நேரம் இருபத்திரண்டு நிமிஷம். யாரும் எழுந்து போகலை. பக்கத்துல இருந்த தடித்த ஆளு, முன்னபின்ன தெரியாதவர், என் தோள்ல சாஞ்சுட்டார்.

ஸ்காபரோ_பெடியன்:

ரொறன்ரோவில இருந்து எழுதுறன். மாமான்ர கதை நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரு விசயத்தை நைசா விட்டிட்டார். 2025 ஒக்டோபர் 20. வேர்ல்ட் சீரிசுக்கு முந்தின தொடர், எங்கட புளூ ஜேஸோட ஏழாவது ஆட்டம், எங்கட ஊர். மரினர்ஸ் 3க்கு 1 முன்னுக்கு நிக்கினம், வேர்ல்ட் சீரிசுக்கு எட்டே எட்டு அவுட்தான் மிச்சம். ஏழாவது இன்னிங்சில ரெண்டு பேர் பேசில நிக்க ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் அடிச்ச அடி, எங்கட மாமி கையில இருந்த தேத்தண்ணியைக் கம்பளத்தில ஊத்திப்போட்டா. கறை இன்னும் கிடக்கு, கழுவ விடமாட்டன் எண்டு மாமா நிக்கிறார்.

நக்கல் அடிக்கேல்ல. 2022இல இதே மரினர்ஸ் எங்கட ஊருக்கு வந்து 8க்கு 1 பின்னுக்கு நிண்டு 10க்கு 9 எண்டு வெண்டவங்கள். அண்டைக்கு எங்கட வீட்டில ஒருத்தரும் இரவுச் சாப்பாடு சாப்பிடேல்ல. 2025இலயும் கடைசியில வேர்ல்ட் சீரிசில டொட்ஜர்ஸ் வந்து எங்களுக்கு அதையே செய்தவங்கள். ஒன்பதாவதில ரெண்டு அவுட் எடுத்திருந்தா கோப்பை எங்களுக்கு. ஆனபடியா மாமா, உங்கட நோவு எனக்கு விளங்கும்.

மழைக்கோட்டு_மாமா:

தம்பி, விடலை. எழுத மனசு வரலை. அவ்வளவுதான்.

ஆனா அந்த சீசனைப் பாதியில விட்டா பாவம். அதே கால் ராலி, கேட்சர், நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி. ஒன்பது இன்னிங்ஸும் குத்துக்கால் போட்டு உட்கார்ற வேலை, ஒவ்வொரு நாளும் முட்டி விட்டுப் போயிடும். அந்த ஆளு 60 ஹோம் ரன் அடிச்சார். கேட்சர் யாரும் ஐம்பதையே தொட்டதில்லை. அறுபதாவது அடிச்ச ராத்திரியே 2001க்கு அப்புறம் முதல் தடவையா டிவிஷன், அதாவது எங்க பிரிவுல முதலிடம், கையில. செப்டம்பர்ல அணி தடுமாறினப்ப ஒரு ரசிகர் இணையத்துல காசு கட்டி மந்திரக்காரி ஒருத்தியை வெச்சு ஏதோ பண்ணினார், உடனே பத்து ஆட்டம் வரிசையா ஜெயிச்சாங்க. நம்ம ஊரா இருந்தா பூசணிக்காயும் எலுமிச்சம்பழமும் ஆயிருக்கும், செலவு கம்மி.

இன்னிங்ஸ் இடைவேளையில சால்மன் மீன் வேஷம் போட்டு ஓட்டப்பந்தயம் ஒண்ணு நடக்கும். ஹம்பின்னு ஒரு மீன், ஜெயிச்சதே கிடையாது, எப்பவும் வேடிக்கை பார்த்துட்டு நின்னுடும். டெட்ராய்ட்டோட கடைசி ஆட்டத்துல அது ஜெயிச்சுது. அன்னைக்கு பதினஞ்சாவது இன்னிங்ஸ்ல போலாங்கோ அடிச்சு நாங்களும் ஜெயிச்சோம். அப்புறம் உங்க அணியோட அஞ்சாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ்ல சுவாரஸ் அடிச்ச க்ராண்ட் ஸ்லாம், மூணு பேஸ்லயும் ஆள் நிக்கறப்ப அடிக்கிற ஹோம் ரன். நீஹவுஸ் இருந்திருந்தா பாட்டியைக் கூப்பிட்டு ரை ரொட்டியும் கடுகு சாஸும் எடுத்து வைக்கச் சொல்லியிருப்பார், அதுதான் அவர் வழக்கம். அரிசோனாவுல மகள் வீட்டுல இருக்கிற பெரியவர் எனக்கு ஃபோன் போட்டு அதை அப்படியே சொல்லிக் காட்டினார். 91 வயசு.

ஏழாவது ஆட்டத்துல ஸ்ப்ரிங்கர் அடிச்சதும் டிவியை அணைச்சுட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனேன். கழுவினதையே மறுபடி கழுவறேன்னு வீட்டுல சொன்னாங்க. அன்னைக்கு ஃபோன் வரலை. நானும் போடலை.

பாத்தெல்_புதுசு:

எல்லாருக்கும் நன்றி, மாமாவுக்கு ரெண்டு தடவை. நேத்து பயிற்சிக்குப் போனோம். கோச் கேட்டதும் பசங்க எல்லாம் இச்சிரோன்னு கத்தினாங்க. இவன் மட்டும் கையைத் தூக்கி, 51 ரெண்டு பேரோடது, முதல்ல ராண்டி ஜான்சன்னு சொன்னான். யார் சொல்லிக் குடுத்ததுன்னு கோச் கேட்டிருக்கார். "அங்கிள், ரெண்டன்ல ரொம்ப நாள் முன்னாடி செருப்பில்லாம ஓடினவர்"னு இவன் சொல்லியிருக்கான். அதுக்கு மேல விளக்க அவனுக்கு இங்கிலீஷ் போதலை.

சாயந்திரம் பார்க்கிங்ல டபுள் நடந்துச்சு. இவன் க்ரிஃபி, எதிர்வீட்டுப் பையன் கோரா, தேர்டு பேஸ் என் செருப்பு. ஆட்டம் முடிஞ்சு பார்த்தா அதைக் காணோம். யாரோ காரைப் பின்னாடி எடுத்தப்ப டயர்ல மாட்டிக்கிட்டுப் போயிருக்கணும். ஒத்தைச் செருப்பைக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். ஏப்ரல்ல ஒரு ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு மூணு டிக்கெட் போட்டாச்சு, லெமன் சாதம் எத்தனை மணி நேரம் தாங்கும்?

லின்வுட்_லெமன்சாதம்:

பதினெட்டு இன்னிங்ஸ் தாங்கும். நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமா விடுங்க.